இல்லாத எஞ்சினை அளத்தல்

இலங்கையின் மலைநாட்டுப் பாதைக்கென்று 1927இல் மான்செஸ்டர் நகரின் பேயர் பீக்கொக் கம்பனி ஒரு பெரிய நீராவி எஞ்சினைக் கட்டி அனுப்பியது. கரெட் வகையைச் சேர்ந்த அந்த எஞ்சினுக்கு இங்கே C1 என்று வகுப்புப் பெயர் வைத்தார்கள். 1945இல் அதே கம்பனியிலிருந்து C1A என்ற பெயரில் மேலும் எட்டு வந்தன. டீசல் எஞ்சின்கள் வந்தபின் ஒன்பதும் உடைத்து இரும்பாக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூடப் பாதுகாக்கப்படவில்லை. இப்படி முற்றாக மறைந்துபோன ஓர் எஞ்சினைப் பழைய வரைபடங்களிலிருந்து கணினியில் மீண்டும் உருவாக்கலாம். பார்வைக்குப் படம்போலத் தெரியும் உருவம் போதாது. ஒவ்வொரு பாகமும் தன் அளவோடும் தன் அசைவோடும் அமைந்த முப்பரிமாண மாதிரியாக அது இருக்க வேண்டும். அதைச் செய்யும் முறையே இந்த அத்தியாயத்தின் பொருள். C1 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதன் வடிவத்தை நிர்ணயித்தது அது ஓடிய பாதைதான்.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவரையான பாதை 1865இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் இருப்புப்பாதை எட்டியது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். மலைப்பகுதியில் 44 மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற கணக்கில் பாதை ஏறுகிறது. வளைவுகளில் மிகக் கூர்மையானவை 5 சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர் ஆரை கொண்டவை. பட்டிப்பொலைக்கு அருகே பாதை கடல்மட்டத்திலிருந்து 1898 மீற்றர் உயரத்தை அடைகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரமான வண்டிகளை இழுக்க முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் இன்னொன்றும் பூட்ட வேண்டியிருந்தது. இரண்டு எஞ்சினென்றால் இரண்டு சாரதிகள், இரண்டு பயர்மன்கள், இரண்டு நெருப்பு.

ஹேர்பேர்ட் வில்லியம் கரெட் என்ற பொறியியலாளர் 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்த்தது. நீளமான ஓர் எஞ்சினை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார் அவர். முன்னாலும் பின்னாலும் தனித்தனிச் சில்லுத்தொகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்த உருளைகள் உண்டு. நடுவில் கொதிகலனையும் சாரதியின் அறையையும் தாங்கும் ஒரு சட்டம், இரு முனைகளிலும் சுழலிகள்மீது தொங்கும். தண்ணீரும் எரிபொருளும் சில்லுத்தொகுதிகளின் மேல் ஏற்றப்படும். கொதிகலனுக்குக் கீழே சில்லுகள் இல்லாததால் அதைக் குட்டையாகவும் பருமனாகவும், நெருப்புப்பெட்டியை ஆழமாகவும் அமைக்கலாம். இந்த வகையில் முதல் எஞ்சினை பேயர் பீக்கொக் 1909இல் தஸ்மேனியாவுக்குக் கட்டிக்கொடுத்தது. அந்த K1 பிற்காலத்தில் வேல்ஸில் மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கையின் C1 எஞ்சினில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆறு இழுசில்லுகளும், அவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிறு சில்லுகளும் இருந்தன.

மீட்டுருவாக்கம் காகிதத்தில் தொடங்குகிறது. பேயர் பீக்கொக் 1854இல் தொடங்கி 1966இல் மூடப்பட்ட கம்பனி. அதன் ஆவணத் தொகுப்பு மான்செஸ்டர் அறிவியல், கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய எஞ்சின் ஆலைகளின் வரைபடங்கள் பொதுவாக இரண்டு படிகளாக அமைந்தவை. முதலாவது பொது அமைப்பு வரைபடம்: பக்கத் தோற்றம், மேல் தோற்றம், பல இடங்களில் வெட்டுமுகங்கள், எல்லாம் ஒரே தாளில். வழக்கமான அளவுத்திட்டம் ஓர் அடிக்கு ஒன்றரை அங்குலம். அதாவது எட்டில் ஒரு பங்கு. இரண்டாவது படி விவர வரைபடங்கள். ஒரு தாங்கி, ஒரு வால்வு, ஒரு மரையாணி என்று ஒவ்வொன்றும் தனித்தாளில் பெரிதாக வரையப்பட்டிருக்கும். மூலப்படம் மெருகேற்றிய துணியில் மையால் வரையப்பட்டு, அதிலிருந்து நீலப்பிரதிகள் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பப்பட்டன.

இந்தத் தாள்களைப் படம்போல எண்ணி ஸ்கான் செய்து, கணினித் திரையில் அளவுகோல் வைத்து அளப்பது முதலில் தோன்றும் வழி. அதைத் தவிர்ப்பது நல்லது. துணியும் காகிதமும் ஈரத்தில் விரிந்து வெப்பத்தில் சுருங்குபவை. நீளவாட்டில் ஒரு விதமாகவும் குறுக்குவாட்டில் வேறு விதமாகவும் அது நடக்கும். எட்டில் ஒரு பங்கு வரைபடத்தில் அரை மில்லிமீற்றர் பிசகினால் எஞ்சினில் அது நான்கு மில்லிமீற்றர். ஆகவே எண்ணால் எழுதப்பட்ட அளவையே எடுக்க வேண்டும். எழுதப்படாத இடத்தில்தான் கோட்டை அளக்கலாம். அப்போதும் அதே தாளில் பக்கத்தில் உள்ள, எண் தெரிந்த இன்னொரு கோட்டோடு ஒப்பிட்டுத்தான். அளவுகள் அடியிலும் அங்குலத்திலும், அங்குலத்தின் 16இல், 32இல், 64இல் ஒரு பங்குகளிலும் இருக்கும். அவற்றை உடனே மில்லிமீற்றராக்கி முழு எண்ணுக்குத் திருத்தினால், நூறு பாகங்களை அடுக்கியபின் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். மாதிரியை அங்குலத்திலேயே கட்டி, தேவையான இடத்தில் மட்டும் 25.4ஆல் பெருக்கிக் காட்டுவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

வரைபடத்தில் எழுதாமல் விட்டவைதான் அதிக வேலை வைக்கின்றன. அதை வரைந்தவர் தன் ஆலையின் தொழிலாளிக்காக வரைந்தார். நூறு ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் ஒருவர் படிப்பார் என்று நினைத்து வரையவில்லை. சில்லின் வெளி வளையத்தை எடுத்துக்கொள்ளலாம். இழுசில்லு வார்ப்பு உருக்கால் ஆனது. அதன் வெளியே தனி உருக்கு வளையம் சூட்டோடு பொருத்தப்படும். வளையத்தின் உள்விட்டம், சில்லின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாகக் கடையப்படும். விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு என்பது பொது விதி. ஒரு மீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு அது சுமார் ஒரு மில்லிமீற்றர். வளையத்தைச் சூடாக்கினால் விரிந்து சில்லின்மேல் ஏறும். ஆறியதும் இறுகிப் பிடிக்கும். பல வரைபடங்களில் இரண்டு பாகத்துக்கும் ஒரே விட்டம்தான் எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு குறைத்துக் கடைய வேண்டும் என்பது கடைசல்காரரின் கைக்குத் தெரியும். கணினி மாதிரியில் ஒரே விட்டத்தை இரண்டுக்கும் கொடுத்தால் படம் அழகாகவே வரும். அதை வைத்து உண்மையில் கடைந்த வளையமோ முதல் பிரேக்கிலேயே சில்லின்மேல் நழுவும். வார்ப்புகளிலும் இதே கதை. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் மர அச்சு அவ்வளவு பெரிதாகச் செய்யப்படும்; எந்திரத்தில் சீவ வேண்டிய முகங்களில் மேலதிகத் தடிப்பும் விடப்படும். வரைபடம் காட்டுவது முடிந்த உருவத்தை மட்டுமே.

ஆகவே ஒரே பாகத்துக்கு மூன்று வடிவங்கள் தேவைப்படுகின்றன: மர அச்சின் வடிவம், வார்த்தெடுத்த வடிவம், கடைந்து முடித்த வடிவம். சொலிட்வேர்க்ஸ், இன்வென்டர் போன்ற மென்பொருள்களில் இம்மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்கலாம். முடிந்த உருவத்தில் ஓர் அளவை மாற்றினால் மற்ற இரண்டும் தாமாக மாறும். காகிதத்தில் வரைந்தவர்களுக்கு வாய்க்காத வசதி இது.

விவர வரைபடங்களில் சில எப்போதும் காணாமல் போயிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பப் புகைப்படங்கள் உதவும். புதிய எஞ்சினை ஆலையில் சாம்பல் நிறம் பூசி, பக்கவாட்டில் நிறுத்திப் படமெடுப்பது அக்காலத்து வழக்கம். கறுப்பு வண்ணத்தில் மறைந்துவிடும் ரிவெட்டுகளும் குழாய்களும் அந்தச் சாம்பல் பூச்சில் தெளிவாகத் தெரியும். ஆனால் புகைப்படத்தில் அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கமரா எஞ்சினின் சில்லுகளிலிருந்து 15 மீற்றர் தூரத்தில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கொதிகலனின் நடு அச்சு அதைவிடச் சுமார் 0.8 மீற்றர் பின்னால் இருக்கிறது. அதனால் கொதிகலன் சில்லுகளைவிட 5 சதவீதம் சிறிதாகப் பதிவாகும். தெரிந்த சில்லு விட்டத்தை அளவுகோலாக எடுத்துக் கொதிகலனை அளந்தால், 1.8 மீற்றர் விட்டம் 1.7 மீற்றர் என்று வரும். பத்துச் சென்ரிமீற்றர் பிழை சிறு பிழையல்ல. ஒரே தளத்தில் இருக்கும் இரண்டு பொருள்களை மட்டுமே நேரடியாக ஒப்பிடலாம். மற்றவற்றுக்குக் கமராவின் இடத்தை முதலில் கணித்துக்கொள்ள வேண்டும். பல கோணங்களில் எடுத்த படங்கள் கிடைத்தால் அந்தக் கணிப்பைக் கணினியே செய்துவிடும்.

கரெட் எஞ்சின் இல்லாவிட்டாலும் அதன் உறவினர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் தெமட்டகொடைக் கொட்டகையில் நீராவி எஞ்சின்கள் சில பேணப்படுகின்றன. B1 வகுப்பு எஞ்சின்களில் இரண்டு, இலங்கையின் முதல் இரு பிரித்தானிய ஆளுநர்களின் பெயர்களைத் தாங்கியவை: 340ஆம் இலக்க பிரெடெரிக் நோர்த், 251ஆம் இலக்க சேர் தோமஸ் மெயிற்லண்ட். களனிவெளிப் பாதையில் ஓடிய சென்ரினல் நீராவி ரயில்காரும் எஞ்சியிருக்கிறது. அது 762 மில்லிமீற்றர் குறுகிய பாதைக்கு உரியது. 1990களில் அந்தப் பாதை அகலப்படுத்தப்பட்டபின் அதனால் அங்கே ஓட முடியவில்லை. திணைக்களத்தின் பெரிய வேலைத்தளம் இரத்மலானையில். 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகமும் தேடலுக்கு உரிய இடம்.

ஒரே திணைக்களத்தின் எஞ்சின்கள் என்பதால் இணைப்புக் கொளுக்கி, மோதுதாங்கி, விளக்குத் தாங்கி, படிக்கட்டு, பிரேக் குழாயின் முனை போன்றவை அவற்றுக்கிடையே பொதுவாக இருந்திருக்க வாய்ப்புண்டு. C1 வரைபடத்தில் ஒரு பெட்டிபோல் மட்டும் காட்டியிருக்கும் பாகத்தை B1 எஞ்சினில் கையால் தொட்டு அளக்கலாம். லேசர் ஸ்கானர் ஒன்று சில நிமிடத்தில் பல இலட்சம் புள்ளிகளைப் பதிவு செய்யும். அதன் வேகம் பெரிய உதவி. ஆனாலும் ஸ்கானர் காண்பது இன்றைய மேற்பரப்பை: எண்பது, தொண்ணூறு ஆண்டு தேய்மானம், அடுக்கடுக்கான வண்ணப் பூச்சு, பழுதுபார்த்தபோது மாற்றிய பாகம் எல்லாம் சேர்ந்த தோற்றம். கரையோரப் பாதையில் கடலுப்புக் காற்றில் ஓடிய இரும்பென்றால் தகட்டின் தடிப்பும் குறைந்திருக்கும். பத்தரை மில்லிமீற்றர் என்று ஸ்கானர் சொல்லும் தகடு, கட்டியபோது அரை அங்குலமாக, அதாவது 12.7 மில்லிமீற்றராக இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் நீராவி வழிகளை ஸ்கானர் காணவே காணாது. வரைபடம் ஆலையின் நோக்கத்தைச் சொல்கிறது. ஸ்கான் இன்றைய நிலையைச் சொல்கிறது. இரண்டும் முரண்படும் இடத்தை நின்று ஆராயாமல் சராசரி எடுத்துக் கடப்பவர், ஒருபோதும் இல்லாத ஓர் எஞ்சினையே கட்டுவார்.

மாதிரியைக் கட்டும் வரிசையும் முக்கியம். தண்டவாளத்தின் மேல்மட்டமே பூச்சியம். அதிலிருந்து சில்லு அச்சுகளின் உயரம், அவற்றின் இடைவெளி, பக்கச் சட்டங்கள், உருளைகள் என்று மேலேறிச் செல்ல வேண்டும். கண்ணைக் கவரும் புகைபோக்கியும் அறையும் கடைசியில் வருபவை. உருளையும் கிராங்கும் இடம் பெற்றதும் எஞ்சினை அசைத்துப் பார்க்கலாம்; வரைபடத்தில் மறைந்திருந்த பலவும் அப்போதுதான் வெளிப்படும். கிராங்கின் ஆரை 330 மில்லிமீற்றர், இணைப்புத்தண்டின் நீளம் 1800 மில்லிமீற்றர் என்று கொள்வோம். சில்லு சரியாகக் கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் தன் பயணத்தின் நடுவில் இருக்கும் என்றே தோன்றும். உண்மையில் அது நடுப்புள்ளியிலிருந்து சுமார் 30 மில்லிமீற்றர் விலகியிருக்கும், ஏனென்றால் தண்டு சாய்ந்து நிற்கிறது. இந்த விலகலால் உருளையின் முன்பக்கமும் பின்பக்கமும் சமமான நீராவியைப் பெறாது. அதைச் சமப்படுத்தவே வால்வை ஓட்டும் தண்டுகளின் நீளமும், அவை தொங்கும் புள்ளிகளும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1844இல் பெல்ஜியத்தின் எகீட் வால்ஷார்ட்ஸ் உருவாக்கிய வால்வு அமைப்பில் சில மில்லிமீற்றர் பிழைத்தால், எஞ்சின் நொண்டுவதுபோலச் சீரற்ற மூச்சோடு ஓடும். பழைய ஆலைகளில் இதைச் சரிபார்க்க மரத்தால் செய்த அசையும் மாதிரிகள் வைத்திருந்தார்கள். கணினியில் சில்லைப் பாகை பாகையாகச் சுழற்றி வால்வின் திறப்பை வரைந்து பார்த்தால், வரைபடத்தில் தவறாக வாசித்த எண் உடனே பிடிபடும். 3 என்று படித்தது 8 ஆக இருக்கலாம்; வளைகோட்டில் அது துருத்திக்கொண்டு நிற்கும்.

C1 மாதிரிக்கு மலைநாட்டுப் பாதையே அடுத்த பரீட்சை. 100 மீற்றர் ஆரையுள்ள வளைவில் ஒரு நேர்கோடு எவ்வளவு விலகும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: நீளத்தின் வர்க்கத்தை, ஆரையின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஆறு இழுசில்லு அச்சுகளை ஒரே இறுக்கமான சட்டத்தில் வரிசையாக வைத்தால் அவற்றின் நீளம் ஏழு மீற்றரளவு வரும். விலகல் 61 மில்லிமீற்றர். அப்படியோர் எஞ்சின் அந்த வளைவில் தண்டவாளத்தைப் பிடித்து நிற்காது. மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு தொகுதியின் நீளம் மூன்று மீற்றருக்குள் அடங்கும். விலகல் 11 மில்லிமீற்றரளவுதான். சில்லுகளுக்குக் கொடுக்கும் பக்க இடைவெளியில் அது அடங்கிவிடும். ஆனால் கொதிகலனைத் தாங்கும் நடுச்சட்டம் இரு சுழலிகளுக்கும் இடையில் நேராக நிற்கிறது. சுழலிகளின் இடைவெளி பத்து மீற்றர் என்றால், அதன் நடுப்பகுதி வளைவின் உட்புறமாக 125 மில்லிமீற்றர் நகரும். சுரங்கத்தின் சுவருக்கும் பருமனான கொதிகலனுக்கும் இடையிலுள்ள இடம் அந்த அளவுக்குக் குறையும். தொகுதியோடு திரும்பும் நீராவிக் குழாய்களின் மூட்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் திரும்புகின்றனவா என்பதையும் மாதிரியை வளைவில் ஓட்டிப் பார்த்தே அறியலாம்.

கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீரும் பாதையோடு சாயும். 44க்கு 1 ஏற்றத்தில், நான்கு மீற்றர் நீளமான நீர்ப்பரப்பின் இரு முனைகளுக்கும் இடையே 91 மில்லிமீற்றர் உயர வேறுபாடு உண்டாகும். புகைபோக்கி முன்னிருக்க எஞ்சின் ஏறும்போது தண்ணீர் பின்னால் உள்ள நெருப்புப்பெட்டியின் மேல் திரளும், கவலையில்லை. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்னோக்கி ஓடும். நெருப்புப்பெட்டிக் கூரையின் மேலிருந்த மட்டம் சடுதியாக அதே 91 மில்லிமீற்றர் குறையும். கூரைத் தகட்டைத் தண்ணீர் மூடாவிட்டால் அது சூட்டில் இளகி அமுக்கத்தைத் தாங்காமல் உள்ளே இடிந்துவிடும். அதற்கு முன்னெச்சரிக்கையாகவே கூரையில் ஈயம் நிரப்பிய ஆணி பொருத்தப்பட்டது. ஈயம் உருகினால் நீராவி நெருப்பின்மேல் பாயும். பட்டிப்பொலையைக் கடக்கும் சாரதி நீர்மானியில் கண் வைத்திருந்ததன் காரணத்தை மாதிரியில் சாய்வான ஒரு தளத்தை வரைந்தே காட்டிவிடலாம். கரெட்டின் குட்டைக் கொதிகலன் இங்கே கைகொடுக்கிறது: நீர்ப்பரப்பு நீளம் குறைந்தால் ஏற்ற இறக்கமும் குறையும். அதன் பலவீனமும் மாதிரியில் தெரியும். தண்ணீரும் எரிபொருளும் இழுசில்லுகளின் மேலே இருப்பதால், அவை செலவாகச் செலவாகச் சில்லுகளை அழுத்தும் பாரம் குறைந்து, பிடிமானமும் குறைகிறது.

வரைபடத்திலிருந்து மறுபடி உலோகத்துக்குப் போனவர்களும் உண்டு. கடலுக்கு அப்பால், திருச்சிராப்பள்ளி பொன்மலை வேலைத்தளம் நீலகிரி மலைப்பாதைக்காக X வகுப்பு நீராவி எஞ்சின்களை 2011 முதல் புதிதாகக் கட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் அந்தப் பாதை, பற்சட்டம் போட்ட பகுதியில் 12க்கு 1 என்ற சாய்வு கொண்டது. அதற்குரிய எஞ்சின்களை 1914 முதல் செய்துகொடுத்தது சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் ஆலை. நான்கு உருளைகளில் இரண்டு சில்லுகளையும் இரண்டு பற்சக்கரங்களையும் ஓட்டும் அந்தச் சிக்கலான அமைப்பைப் பொன்மலைத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்த்துப் பழகியிருந்தார்கள். புதிய எஞ்சின்களின் அடிப்படை அமைப்பு பழையதே. முதலில் வந்தவை நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிப்பவை. வரைபடத்தோடு கைப்பழக்கமும் அங்கே உயிரோடு இருந்தது பெரிய பலம் என்றே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் டொர்னேடோ எஞ்சினுக்கு அந்தப் பலம் இல்லை. அதன் வகுப்பில் 1948, 1949இல் கட்டிய 49 எஞ்சின்களும் 1966க்குள் உடைக்கப்பட்டுவிட்டன. 1990இல் தொடங்கிய முயற்சி 2008இல் புது எஞ்சினாக ஓடியது. யோர்க் நகர் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் மூல வரைபடங்களில் பெரும்பகுதி கிடைத்ததே அதற்கு அடிப்படை. கொதிகலனை ஜேர்மனியின் மைனிங்கன் ஆலை செய்தது. பழைய ரிவெட்டுக்கும் செப்பு நெருப்புப்பெட்டிக்கும் பதிலாக அது முழுக்க ஒட்டிணைத்த உருக்கு. இன்றைய மின்கம்பிகளுக்கு இடம் விட எஞ்சினின் உயரமும் ஓர் அங்குலம் குறைக்கப்பட்டது. டொர்னேடோவைக் கட்டிய அமைப்பினர் அடுத்துத் தொடங்கிய P2 வகுப்பு எஞ்சினில் கணினியின் பங்கு இன்னும் பெரிது. 1934 முதல் ஓடிய மூல எஞ்சின்களின் கிராங்க் அச்சுகள் முறியக்கூடியவை. எங்கே தகைப்பு குவிகிறது என்பதைக் கணினியில் கண்டு அந்த அச்சைத் திருத்தினார்கள். முன் சில்லுகளின் அமைப்பையும் ஓட்டப் பாவனையில் சோதித்து மாற்றினார்கள்.

ஓடப்போகும் எஞ்சினுக்கு இத்தகைய திருத்தங்கள் அவசியம்; பயணிகளின் உயிர் அதில் இருக்கிறது. வரலாற்றுக்காகச் செய்யும் மாதிரியில் அவை தனியாக வைக்கப்பட வேண்டும். C1 மாதிரியின் ஒவ்வொரு பாகத்தோடும் அதன் அளவு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இணைந்திருக்க வேண்டும்: எண்ணிட்ட வரைபடத்திலிருந்தா, கோட்டை அளந்தா, புகைப்படத்திலிருந்தா, B1 எஞ்சினிலிருந்து கடன் வாங்கியதா, அல்லது பொறியியல் ஊகமா. நான்கைந்து நிறங்களில் அதைத் திரையில் காட்டினால், பார்ப்பவர் எந்தப் பகுதியை நம்பலாம் என்பதை ஒரே நோக்கில் அறிவார். வண்ணமும் பளபளப்பும் ஏற்றிய படத்தைவிட அந்த நிறம் பிரித்த படம் பயனுள்ளது. பின்னொரு நாள் புதிய தாள் ஒன்று கிடைத்தால் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதும் அதில் தெரியும்.

கோப்பைச் சேமிப்பதிலும் இதே கவனம் வேண்டும். வரைபடத் துணி நூறாண்டு தாங்கியது. ஒரு மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவம் இருபது ஆண்டு திறக்கும் என்பதற்குக்கூட உறுதியில்லை. ஆகவே மாதிரியை மூல வடிவத்தோடு ஸ்டெப் எனப்படும் சர்வதேசத் தர வடிவத்திலும் சேமிக்கிறார்கள். ஆனால் பாகங்களுக்கிடையே அமைத்த தொடர்புகளும், ஒன்று மாறினால் இன்னொன்று மாறும் விதிகளும் அந்த வடிவத்தில் பெரும்பாலும் கடந்து வருவதில்லை. உருவம் மட்டுமே வரும். அதனால் மாதிரியிலிருந்து எண்ணிட்ட வரைபடங்களைப் புதிதாக எடுத்து, அளவுகளின் மூலக் குறிப்போடு நல்ல காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்தில் வைப்பதும் வேலையின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படுகிறது.